நிக்கும் என்று சொல்லாதவர்

"பிரேக் நிக்குமா பாய்?" என்று கேட்டால் அவர் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஏற்கெனவே துடைத்த கைதான். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் துடைத்து, துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நம் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துச் சொல்வார்: "பாக்கலாமுங்க."

கொல்லிமலையில் வண்டி வைத்திருப்பவனுக்கு இதைவிட மோசமான பதில் கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கப்போகிறவன் வந்து நிற்கிறான். அவனிடம் போய்ப் பாக்கலாம் என்றால் எதைப் பார்ப்பது, எங்கே போய்ப் பார்ப்பது? முப்பதாவது வளைவிலா? இதை வைத்து நான் அவரோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். சண்டை என்றால் நான் மட்டும் போடுவது. அவர் மறுபடியும் கையைத் துடைப்பார்.

நிக்கும் என்பதே எங்கள் பக்கத்தில் கொஞ்சம் வில்லங்கமான சொல். வண்டி நின்றுபோச்சு என்றால் பழுதாகி நடுவழியில் கிடக்கிறது என்று அர்த்தம். வண்டி நிக்கலை என்றால் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நின்றாலும் வம்பு, நிற்காவிட்டாலும் வம்பு. மிளகுக் கொடி நட்டவனிடம் நிக்குமா என்று கேட்போம். பெண்களின் வயிற்றில் பிள்ளை தங்குவதையும் அதே சொல்லால்தான் கேட்பார்கள். "போன தடவை நிக்கலியாமா, இந்தத் தடவையாச்சும் நிக்குமா?" என் வீட்டு வாசலில் இந்தக் கேள்வியை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பாய் மலைக்காரர் இல்லை. அடிவாரத்து ஊர்க்காரர். அவருடைய அண்ணன் அங்கே இரும்புக் கடை வைத்திருந்தார், தம்பிக்குச் சைக்கிள் கடை. இவர் மட்டும் என்ன நினைத்தாரோ, மலையேறி வந்து செம்மேட்டில் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகையில் வண்டிப் பட்டறை போட்டார். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி வருவார். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு இறங்கிப் போய், வெள்ளிக்கிழமைத் தொழுகையை ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு மறுநாள் வருவார். குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. நாங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரிகிற பங்குனி வெயிலிலும் காதை மறைத்து மப்ளர் சுற்றியிருப்பார். "பாய், காதுக்குள்ள காத்துப் போயிருமுன்னு பயமா?" என்று கேட்டால் சிரிப்பார். அதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார்.

ஆளை விட்டு வண்டிக்கு வருகிறேன், வண்டி இல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. நான் மலைமேல் வாழவந்தி நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிறவன். இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் நாமக்கல்லில் ஒரு பழைய வண்டி வாங்கினேன். ஜீப்புக்குத் தம்பி, காருக்கு அண்ணன் என்கிற உயரம். மூட்டையும் ஏற்றலாம், குடும்பத்தையும் ஏற்றலாம். அதன் முன்சக்கரங்களில் எங்கள் ஜீப்புகளில் இருக்கிற மூடிய டிரம் பிரேக் கிடையாது. வழவழவென்று ஒரு இரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் இரண்டு பேடு வந்து அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். டிஸ்க் என்று அதற்குப் பேர். நாங்கள் சோறு போட்டுச் சாப்பிடுகிற வட்டல் மாதிரி இருந்ததால் செம்மேட்டில் எல்லோரும் அதை வட்டல் என்றே சொல்லிவிட்டார்கள்.

பாய்க்கு அந்த வண்டி வந்ததில் ஒரு சந்தோஷம். டிரம் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதாம். வட்டல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் என்னை வரச்சொல்லி இரண்டு சக்கரத்தையும் கழற்றுவார். கட்டைவிரல் நகத்தை வட்டலின் குறுக்கே இழுத்துப் பார்ப்பார். பேடு உரசிய இடம் பள்ளமாகி ஓரத்தில் மட்டும் வரப்பு கட்டியிருக்கும். அந்த வரப்பைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். எனக்கானால் கீழே மிளகு மண்டி சாத்திவிடுவார்களே என்று காலில் நெருப்பு.

"தேஞ்சிருக்குதுங்க" என்பார்.

"ஓட்டலாமா?"

கை துடைத்தல் தொடங்கும்.

பழுதை மட்டும் அவர் அடித்துச் சொல்வார் என்பதை நான் போகப்போகத்தான் கவனித்தேன். இது தேய்ந்தது, இது வெடித்தது, இது உதவாது என்றெல்லாம் நொடியில் வரும். நல்லதைப் பற்றி ஒரு வார்த்தை உறுதியாக வராது. மனுஷன் இப்படியும் ஒரு பிறவி எடுப்பானா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. வேலை முடித்து அனுப்பிய வண்டியின் பின்னாலேயே மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஒருமுறை திருமணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு ஜீப்பில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜீப்புக்கு முதல் நாள்தான் பாய் பிரேக் வேலை பார்த்திருந்தார். மலை இறங்கத் தொடங்குகிற முதல் வளைவில் மொபெட்டைக் குறுக்கே நிறுத்தி, பட்டுப்புடவையும் மாலையுமாக இருந்தவர்களை ரோட்டில் இறக்கிவிட்டு, சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

"எதுக்கும் ஒருக்கா பாத்துக்கலாம்னுங்க" என்றார்.

மாப்பிள்ளையின் மாமன் விட்ட வசவை இங்கே எழுத முடியாது. நல்ல காரியத்துக்குப் போகிறபோது வழிமறித்த அபசகுனம் என்று அந்தக் குடும்பமே அதற்கப்புறம் அந்தப் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவர்கள் சொல்லி இன்னும் நாலு பேர் வரவில்லை. அடிவாரத்தில் இன்னொரு மெக்கானிக் இருந்தான், வாய் நிறைய வார்த்தை. "கல்லாட்டம் நிக்குமுண்ணா, கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்று சொல்லி அனுப்புவான். கண்ணை மூடிக்கொண்டு எழுபது வளைவில் எப்படி ஓட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. மலையில் இருந்த வண்டிகளில் பாதி அவனிடம் போய்விட்டது.

நான் ஏன் போகவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொன்று, திட்டினாலும் திருப்பித் திட்டாத ஆள் கிடைப்பது லேசில்லை.

அவர் இப்படி இருப்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். நிக்கும் என்று அவர் சொல்லி அனுப்பிய ஒரு வேன் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று ஒரு கதை. அவருடைய மார்க்கத்தில் நாளை நடப்பதை உறுதியாகச் சொல்லக்கூடாது, அதனால்தான் என்று ஒரு கதை. நான் நேரடியாகவே கேட்டேன்.

"வேனும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. சின்னதுலருந்தே நான் இப்படித்தான். எங்கூட்டுல சோறு வெந்துருச்சான்னு கேட்டாக்கூட எறக்கிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். எங்கம்மா கரண்டியிலயே போடும்."

"உங்க அண்ணன் இரும்புக் கடையில 'இன்ஷா அல்லா, நிக்கும்'னு தைரியமாச் சொல்றாரே. நீங்களும் அப்படிச் சொல்லீட்டுப் போலாமுல்ல?"

"வேல செஞ்சது நானு. அல்லா பேரச் சொல்லி அனுப்புனா அவன் தலைல கட்டுன மாதிரி ஆயிருமுங்களே."

இதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

என் மனைவிக்கு அவரைப் பிடிக்கும். அது எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு தடவை பிள்ளை நிற்கவில்லை. முதல் தடவை மூன்றாம் மாதம், அடுத்தது நாலாம் மாதம். மூன்றாவதாக அவள் உண்டாகியிருந்தபோது ஊசி போடவும் மாத்திரை வாங்கவும் கீழே அழைத்துப் போவேன். போகும் முன்னால் வண்டியைப் பாயிடம் காட்டுவது வழக்கம். அவர் குனிந்து நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் அவள் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். டீக்கடைக்கார அம்மாள் நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"இந்தத் தடவ நிக்கும் பாரு கண்ணு. உம்மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. என்ன பாய், நாஞ் சொல்றது? நிக்குமா நிக்காதா?"

பாய் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்து சத்தமே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவர் என் மனைவி உட்காருகிற சீட்டைக் கழற்றி எடுத்து, அதன் அடியில் தளர்ந்திருந்த ஸ்பிரிங்கை மாற்றத் தொடங்கினார். நான் அதைக் கேட்கவே இல்லை.

அன்றைக்கு வண்டியில் போகும்போது அவள் சொன்னாள்: "ஏனுங்க, எல்லாரும் நிக்கும் நிக்கும்னு சொல்லச் சொல்ல எனக்குப் பயந்தான் அதிகமாகுதுங்க. போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, அதுக்கு முன்னாடியும் இப்படித்தான் சொன்னாங்க. அந்த பாய் அண்ணா ஒருத்தருதான் வாயத் தொறக்கல."

"அவரு லாரிக்கே சொல்ல மாட்டாரு. உனக்கா சொல்லப்போறாரு?"

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். அதற்கப்புறம் பட்டறைக்குப் போகும்போதெல்லாம் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு ஒரு தூக்குப்போசியில் அவருக்குப் போகும். அவர் அதை வாங்கிக்கொண்டு, "அம்மிணி நல்லாருக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்பார். அவளிடம் நேரே கேட்க அவருக்குக் கூச்சம்.

நாலாம் மாதம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாமல் நடமாடினோம். நான் வளைவுகளில் வண்டியை எறும்பு ஊர்கிற மாதிரி ஓட்டினேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் மூட்டைகளோடு இறங்கும்போது பிரேக் பெடல் ஒரு மாதிரியாக இருந்தது. மிதித்தால் என் பாதத்தை அது திருப்பி மிதித்தது. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. எப்படியோ போய்த் திரும்பி நேராகப் பட்டறையில் கொண்டுவந்து விட்டேன். பாய் இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்றினார். வட்டல் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. மேலே தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள்.

"இது போச்சுங்க. ரெண்டு பக்கமும் மாத்தோணும்."

"ஒண்ணுதானே வெடிச்சிருக்குது பாய்?"

"ஒண்ண மட்டும் மாத்துனா வண்டி ஒரு பக்கமா இழுக்குமுங்க. அந்தப் பக்கமும் மெலிஞ்சுதான் கெடக்குது."

"லேத்துல குடுத்து ஒரு சீவு சீவிப் போட்டா?"

"சீவறதுக்கு அதுல என்னங்க இருக்குது?"

பேசிப் பயனில்லை. சேலத்துக்குச் சொல்லிவிட்டு, புது வட்டல்களும் பேடுகளும் பஸ்ஸில் வரட்டும் என்று காத்திருந்தோம். வண்டி பட்டறையில் முன்கால் இரண்டும் இல்லாமல் கல்லின்மேல் நின்றது. சாமான் வந்த அன்று காலையிலேயே பாய் வேலையைத் தொடங்கினார். மாட்டி முடித்ததும் ஒருநாள் முழுக்க மலைமேலேயே, மேடு பள்ளம் இல்லாத ரோட்டில், காலி வண்டியாக ஓட்டி ஓட்டி மிதிக்க வேண்டும் என்று சொன்னார். புது வட்டலும் புதுப் பேடும் ஒன்றோடொன்று பழகுகிற வரைக்கும் பிடிப்பு வராதாம். "ஆளு ஏத்தாதீங்க. கீழ எறங்கவே எறங்காதீங்க" என்று இரண்டுமுறை சொன்னார்.

உச்சிவேளைக்கு என் மனைவிக்கு வலி வந்தது. வலியோடு ரத்தமும் வந்தது. செம்மேட்டு நர்ஸ் அம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்த முகமே சரியில்லை. "இங்க வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது சாமி. உடனே கீழ கொண்டு போயிரு" என்றார். காலை பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். எடப்புளி நாட்டில் ஒரு கல்யாணம், மலையில் இருந்த ஜீப்பெல்லாம் பெண் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே கீழே போய்விட்டன. செம்மேட்டில் சக்கரம் உள்ளதாக நின்றது பாயின் மொபெட் ஒன்றுதான்.

மழைத் தூறலில் பட்டறைக்கு ஓடினேன். இடதுபக்கம் முடிந்திருந்தது. வலதுபக்கம் வட்டல் இல்லாமல் வெறும் அச்சு நீட்டிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். உப்புத்தாளை எடுத்து அச்சின்மேல் இருந்த துருவைத் தேய்க்கத் தொடங்கினார்.

"அதெல்லாம் அப்பறம் பாய். மாட்டுங்க."

"துரு இருந்தா வட்டல் நேரா உக்காராதுங்க."

புது வட்டலைக் காகிதத்திலிருந்து பிரித்தார். துரு ஏறாமல் இருக்கக் கம்பெனியில் பூசி அனுப்பிய எண்ணெய் அதன்மேல் மினுங்கியது. பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தார். புரட்டித் துடைத்தார். வேறு துணி எடுத்து மறுபடியும் துடைத்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அவ அங்க ரத்தத்துல கெடக்கறா. நீங்க வட்டலக் கழுவிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க."

"எண்ணெயோட போட்டா பிடிக்காதுங்க" என்றார். தலை நிமிரவில்லை. வட்டலைப் பொருத்தினார், பேடுகளை வைத்தார், சக்கரத்தை மாட்டினார். நட்டுகளை எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி இறுக்கினார். எல்லாவற்றையும் மறுபடியும் ஒருமுறை இறுக்கினார். அந்த நேரத்தில் அவரைக் கொன்றுபோடலாம் போல எனக்கு இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து பெடல் கெட்டிப்படும் வரைக்கும் மிதித்தேன்.

அவளைத் தூக்கி வந்து பின்சீட்டில் படுக்க வைத்தோம். பாய் பட்டறையைச் சாத்தவில்லை. பின்கதவைத் திறந்து, சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தார். அவளுக்கு முதுகைக் காட்டி, முதுகால் சீட்டை அணைகட்டிய மாதிரி அடைத்துக்கொண்டு, கால்களை முன்சீட்டில் முட்டுக்கொடுத்தார். வளைவில் அவள் உருண்டு விழக்கூடாதென்று.

செம்மேட்டிலிருந்து மலை இறங்குகிற இடம் வரைக்கும் ரோடு பரவாயில்லாமல் இருக்கும். அதற்குள் நாலைந்து இடத்தில் மிதித்துப் பார்த்தேன். பிடித்தது, ஆனால் தாமதமாகப் பிடித்தது. ஈரக் கையால் சோப்பைப் பிடிக்கிற மாதிரி ஒரு வழுக்கல். கண்ணாடியில் பாயைப் பார்த்தேன். அவரும் அதை உணர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் சொல்லிவிட்டால் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தி என்ன செய்வது என்றும் நினைத்தேன்.

ரோடு கீழ்நோக்கிச் சாய்கிற இடத்துக்கு வந்தபோது அவள் கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"பாய் அண்ணா. நிக்குங்களா?"

எனக்கு அவர் பதில் தெரியும். மலைக்கே தெரியும். துடைக்கக் கையில் துணிகூட இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நிக்கும் அம்மிணி" என்றார்.

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். முதல் வளைவு என் முகத்துக்கு நேரே வந்தது.

அந்த இறக்கத்தை நான் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு இறங்கியது போல் ஒருநாளும் இல்லை. முதல் கியரிலும் இரண்டாவதிலும் இன்ஜினை அலறவிட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வந்தேன். மெதுவாகப் போனால் அவள் தாங்க மாட்டாள், வேகமாகப் போனால் வண்டி தாங்காது. ஒரு வளைவில் மரம் ஏற்றுகிற காலி லாரி ஒன்று எதிரே ஏறி வந்து முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டது. இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டே போனது. பள்ளத்துப் பக்கத்துக் கல் என் கதவுக்கு நேராக வந்தது. அப்புறம் எங்கேயோ ஒரு பிடிப்பு வந்து நின்றது. லாரிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் பின்வாங்கினான். கண்ணாடியில் பார்த்தால் பாயின் மப்ளர் நுனியை அவள் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் கழுத்து பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை விடுவிக்கவில்லை.

"நிக்கும்னு சொன்னீங்கல்ல?" என்று அவள் இன்னொரு தடவை கேட்டாள்.

"சொன்னேன் அம்மிணி. நிக்கும்."

அடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்தபோது முன்சக்கரங்கள் இரண்டிலும் கருகிய வாடை. அங்கிருந்து சமவெளி. ஆக்ஸிலேட்டரை மிதித்த காலை எடுக்காமல் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவள் பிழைத்தாள். பிள்ளை நிற்கவில்லை. பெண் குழந்தை, கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது என்று சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பாய் வராந்தாவின் கோடியில் சுவரோடு சுவராக நின்றிருந்தார். யாரோ அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, எனக்கொரு ஒதவி பண்ணோணும்."

"சொல்லுங்க பாய்."

"நான் வண்டியத்தான் சொன்னேன்னு அந்த அம்மிணிகிட்டச் சொல்லிருங்க. அது வேற மாதிரி எடுத்துக்கிட்டு இருந்துச்சுன்னா..." மப்ளர் நுனியில் கையைத் துடைத்தார். "நான் வண்டியத்தானுங்க சொன்னேன். வண்டியக்கூட நான் சொல்லியிருக்கக்கூடாதுங்க."

இது என்ன நேரம், இவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு ஒரு கணம் ஆத்திரம் வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். வயதான ஆம்பிளை ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தெரியுமுங்க. அவரு வண்டியத்தான் சொன்னாரு. வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அவரு சொன்னதுனால, ஆஸ்பத்திரி வந்து சேர்ற வரைக்கும் நான் அதப் புள்ளைக்குன்னே வெச்சுக்கிட்டேன். பேரு கூட யோசிச்சேனுங்க."

அவள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேர் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

வெளியே வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் பாய். அவளும் வண்டியத்தான் கேட்டாளாம்."

அவர் என் கண்ணையே பார்த்தார். வட்டலில் நகத்தை இழுத்துப் பார்க்கிற அதே பார்வை. நான் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

"அப்பச் சரிங்க" என்றார். மப்ளரைச் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாண்டு இருக்கிற திசையில் நடந்தார். அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் அவர் வரவில்லை. அதற்கப்புறம் அவர் மலை ஏறவே இல்லை.